ராகுகாலத்துக்கு முன்னால் ஒரு ரீபூட்

ஓடிக்கிட்டு இருக்கிற சர்வரை நிறுத்தாம, அதுக்குள்ளயே அச்சு அசலா இன்னொரு காப்பி எடுத்து, அந்தத் தூங்குற காப்பிக்கு ரிப்பேர் பாத்து, அப்புறம் ஒருநாள் சட்டுன்னு ஆளை மாத்தி விடுறதுதான் என் பிழைப்பு. கேக்க நல்லாத்தான் இருக்கும். செஞ்சு பாருங்க, தெரியும்.

பேரு சண்முகக்கனி, ஆபீஸ்ல கனி மேடம். பொறந்தது தாராவி, இப்ப குடியிருக்கிறது செம்பூர். எங்க கம்பெனி சின்னது. பம்பாய்லயும் சுத்துவட்டாரத்துலயும் பழைய யூனிக்ஸ் சர்வர் வச்சிருக்கிறவங்க எல்லாம் எங்களைத்தான் கூப்பிடுவாங்க. எனக்குக் காத்திருக்கிறது ஆகாது, அடுத்தவங்களைக் காத்திருக்கச் சொல்றதும் ஆகாது. இந்த வேலையில அந்த ரெண்டையும் தவிர வேற ஒண்ணும் இல்லை. என்னை மாதிரியே கறுப்பு ஸ்கிரீனைப் பாத்துக்கிட்டு, நகத்தைக் கடிச்சுக்கிட்டு, பேட்ச் போட்டுப் பிழைக்கிற சகபாவிகளே, இது உங்களுக்காகத்தான்.

பக்கத்து ரூம்

அம்பர்நாத்ல ஒரு சாயப்பவுடர் ஃபேக்டரி. எந்தக் கலருக்கு எந்தப் பவுடர் எவ்வளவுன்னு கணக்குப் போட்டு மெஷினுக்குச் சொல்றது ஒரு பழைய யூனிக்ஸ் சர்வர். அதைப் பாத்துக்கிற ஆபரேட்டர் மாரியப்பன் அண்ணாச்சி. திருநெல்வேலிப் பக்கம். தாராவியில இருந்தவர், இப்ப குடும்பத்தோட அம்பர்நாத். இந்த ஃபேக்டரிகிட்ட சரக்கு வாங்குற வெளிநாட்டுக் கம்பெனி, திங்கட்கிழமை எங்க ஆடிட்டர் வருவார், உங்க சர்வர்ல ஓட்டையை அடைக்கிற பாதுகாப்புப் பேட்ச் எல்லாம் போட்டிருக்கான்னு பாப்பார்னு சொல்லிடுச்சு. பிளாண்ட் மேனேஜர் ஷிர்க்கே சாஹேப் அண்ணாச்சியைக் கூப்பிட்டு நேராவே சொல்லிட்டார்: பேட்ச் ஒழுங்காப் போச்சுன்னா இந்த சர்வர் பெட்டி இருக்கும், ஏடாகூடம் ஆச்சுன்னா பெட்டி பழைய இரும்புக்குப் போகும், எல்லாக் கணக்கையும் எங்க புனே ஆபீஸே பாத்துக்கும். பெட்டி போனா அண்ணாச்சிக்கு அங்க வேலை இல்லை. அதை சாஹேப் வாய்விட்டுச் சொல்லலை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

நான் முதல் தடவை போனப்ப மனுஷன் டீ கிளாஸைக் கையில வச்சுக்கிட்டே குடிக்காம நின்னார். பயப்படாதீங்கன்னு சொல்லி அவருக்குப் புரியிற மாதிரி விளக்கினேன். அண்ணாச்சி, நீங்க இருக்கிற ரூமை நாங்க தொட மாட்டோம். பக்கத்துல அதே மாதிரி இன்னொரு ரூம் கட்டி, பெயிண்ட் அடிச்சு, ஒயரிங் பண்ணி, எல்லாம் ரெடியானப்புறம் உங்களை அந்த ரூமுக்கு மாத்துவோம், பிடிக்கலைன்னா பழைய ரூமுக்கே திரும்பி வந்துடலாம்னேன். நல்ல உதாரணம் சொல்லிட்டேன்னு எனக்கே ஒரு பெருமை. அவர் கிளாஸைக் கீழ வச்சார்.

"தாராவியில எங்க ரூமுக்கும் இப்படித்தான் சொன்னானுவ. பக்கத்துல கட்டுதோம், அதுவரைக்கும் தற்காலிகமா ட்ரான்சிட் கேம்ப்ல இருங்கன்னு. என் மவன் அந்த ட்ரான்சிட்ல பொறந்து இப்ப காலேஜுக்குப் போறான், தங்கச்சி."

ஷிர்க்கே சாஹேபின் சந்தேகம்

காப்பி எடுத்தாச்சு. அடுத்த நாளே அந்தக் காப்பிக்குப் பேட்ச் போட ஆரம்பிச்சேன். பட்டப்பகல், ஃபேக்டரி முழு வேகத்துல ஓடுது, ஒருத்தருக்கும் ஒண்ணும் தெரியலை. எங்க தொழிலோட அழகே இதுதான், சாபமும் இதுதான். ஷிர்க்கே சாஹேப் பின்னால வந்து நின்னு ஸ்கிரீனைப் பாத்தார். என்ன ஓடுதுன்னு கேட்டார். பேட்ச்னேன். அப்ப ஏன் எதுவும் நிக்கலைன்னார். ஓடாத பக்கத்துக்குத்தான் போடறேன் சார்னேன்.

அவர் கெட்ட மனுஷன் இல்லை. ஆனா நட்டு போல்ட்டைப் பாத்து வளர்ந்தவர், கண்ணுக்குத் தெரியாத எதையும் நம்ப மாட்டார். ஹிந்தியில நிதானமா ஒரு கேள்வி கேட்டார்.

"மேடம், காய்ச்சல் வந்தது எழுந்து வேலை பாக்கிறவனுக்கு. நீங்க மாத்திரை கொடுக்கிறது தூங்குறவனுக்கு. இது எந்த ஊர் வைத்தியம்?"

சேட் வீட்டுக் கல்யாணம்

இதுக்கு முன்னால உல்லாஸ்நகர்ல நடந்ததைச் சொல்லணும், ஏன்னா அது பின்னால என் தலையில வந்து விழுந்துச்சு. அங்க ஒரு துணி சேட். கடைக்கணக்கு ஓடுற சர்வருக்கு இதே மாதிரி காப்பி எடுத்து, பேட்ச் போட்டு, பத்து நாள் கழிச்சு மாத்தினோம். நடுவுல அந்தப் பத்து நாள்ல சர்வர்ல புதுசா எதையும் வைக்காதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொல்லியிருந்தேன். கடைக்கணக்கு தனி டிஸ்க், அதுக்கு ஒண்ணும் ஆகாது; ஆனா காப்பி எடுத்தப்புறம் வேற எதை வச்சாலும் அது பழைய பக்கத்துல மட்டும்தானே இருக்கும். சேட் அதே வாரத்துல மகளுக்குக் கல்யாணம் பண்ணி, மொத்த போட்டோவையும் பத்திரமா இருக்கட்டும்னு சர்வர்ல கொண்டு போய் வச்சிருக்கார். மாத்தின மறுநாள் போட்டோ ஃபோல்டரைத் திறந்தா, காலி.

போன்ல மனுஷன் அழுதார். அவர் வீட்டுக்காரம்மா பக்கத்துல இருந்து என்னைத் திட்டினது தெளிவாக் கேட்டுச்சு. நான் பழைய பக்கத்தைத் திறந்து, போட்டோ எல்லாத்தையும் இந்தப் பக்கம் எடுத்து வச்சு, இப்ப பாருங்க சேட்ஜின்னேன். ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகலை. ஆனா சேட் குரல்ல சந்தோஷத்தைக் காணோம்.

"அப்ப என் பொண்ணு அங்கயேதான் இருந்தாளா? நான் உங்களைக் கூப்பிடுறதுக்கு முன்னாலயே, போட்டோ கேட்டு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கால்ல விழுந்துட்டு வந்துட்டேனே."

ஆறுதல்

எங்க ஆபீஸ்ல பத்மநாபன்னு ஒருத்தர். மாட்டுங்காக்காரர், பாலக்காட்டுக் குடும்பம். தங்கமான மனுஷன். மாரியப்பன் அண்ணாச்சி ஆபீஸுக்குப் போன் பண்ணி, எல்லாம் போயிட்டா என்ன செய்யன்னு கேட்டிருக்கார். இவர் ஆறுதல் சொல்றேன்னு சேட் கதையை எடுத்து விட்டிருக்கார். போட்டோ எல்லாம் காணாமப் போச்சுங்கிற இடம் வரைக்கும் கேட்டுட்டு அண்ணாச்சி போனை வச்சுட்டார். அது பழைய பக்கத்துலயே பத்திரமா இருந்துச்சுங்கிறது அவர் காதுக்குப் போகவே இல்லை.

அன்னைக்கு ஆரம்பிச்சது. காலையில குக்கர் வைக்கும்போது போன். குர்லாவுல ட்ரெயின் மாறும்போது போன். தங்கச்சி, தேங்காய் ஒண்ணு போதுமா. தங்கச்சி, எலுமிச்சம்பழம் பெட்டி மேலயா, கீழயா. மேல வச்சா சாறு உள்ள போயிடும், கீழயே வைங்கன்னேன். தங்கச்சி, வெள்ளிக்கிழமை ஒரு பொருளை அணைக்கலாமா. அம்பர்நாத்ல அந்த ஃபேக்டரிக்கு வார லீவே வெள்ளிக்கிழமைதான், வேற எந்த நாள்ல நான் சர்வரை மூடுறது? பொறுக்க முடியாம பத்மநாபன்கிட்ட போய்ச் சண்டை போட்டேன்.

"சமாதானம் பண்ணத்தானே சொன்னேன், கனி. அந்த மனுஷன் பாதியிலேயே போனை வெச்சுட்டா நான் என்ன பண்ணுவேன்?"

கல்யாணுக்கு அப்புறம்

வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டுல இருந்தே கடைசி வேலையை முடிச்சேன். அடுத்த தடவை மூடித் திறக்கும்போது புதுப் பக்கம்தான் எழுந்திருக்கணும்னு சர்வர்ல குறிச்சு வச்சாச்சு. நாளைக்கு நான் நேர்ல வந்து மூடுறேன், அதுவரைக்கும் யாரும் தொடக்கூடாதுன்னு ஷிர்க்கே சாஹேபுக்கும் அண்ணாச்சிக்கும் சொல்லிட்டேன். பன்னிரண்டு மணிக்கு மின்சாரக்காரங்க லைன் வேலைக்காகக் கரண்டை நிறுத்துவாங்க, அதனால அதுக்குள்ள முடியணும். அண்ணாச்சிக்கு இன்னொரு கணக்கு: வெள்ளிக்கிழமை ராகுகாலம் பத்தரைக்கு ஆரம்பம், அதனால அதுக்கும் முன்னால முடியணும். சரி, பத்து மணிக்கே வந்துடறேன்னு வாக்குக் கொடுத்தேன்.

வாக்கு நான் கொடுத்தேன், சென்ட்ரல் லைன் கொடுக்கலையே. கல்யாண் தாண்டினதும் சிக்னல் கோளாறு, வண்டி நின்னது நின்னதுதான். லேடீஸ் கம்பார்ட்மெண்ட்ல ஒரு அம்மா வெண்டைக்காய் நறுக்கி முடிச்சு, பட்டாணி உரிக்க ஆரம்பிச்சாங்க. நான் வாசலுக்கும் சீட்டுக்குமா நடந்துக்கிட்டே இருந்தேன். உக்காரும்மா, நீ நடந்தா வண்டி நகருமான்னு ஒருத்தி கேட்டா. அண்ணாச்சி போன் மேல போன். எங்க இருக்கீய. விட்டல்வாடிக்கு முன்னால. இப்ப எங்க இருக்கீய. அங்கயேதான். கடைசியா வந்த போன்ல அவர் குரல்ல பதற்றமே இல்லை. எனக்கு அதுதான் பயமா இருந்துச்சு.

"நீங்க மெதுவா வாங்க தங்கச்சி. நான் பாத்துக்கிடுதேன்."

பாராட்டு

ஷேர் ரிக்‌ஷாவுல இடிபட்டு ஃபேக்டரிக்குள்ள நுழையும்போது பத்தே முக்கால் தாண்டிடுச்சு. சர்வர் ரூம்ல ஊதுபத்தி வாசனை. அண்ணாச்சி நெத்தியில குங்குமத்தோட, பரீட்சையில பாஸான புள்ளை மாதிரி நிக்கிறார். ராகுகாலத்துக்குப் பத்து நிமிஷம் முன்னாலயே அவரே சர்வரை மூடித் திறந்துட்டாராம். நான் வண்டியில இருந்தே செஞ்சதா நினைச்சு ஷிர்க்கே சாஹேப் வந்து கலர் கணக்கை ஓட்டிப் பாத்துட்டாராம். எல்லாம் ஜோரா ஓடுதாம்.

நான் பையைக்கூடக் கழட்டாம கீபோர்டு முன்னால உக்காந்து, எந்தப் பக்கம் எழுந்திருக்குன்னு பாத்தேன். பழைய பக்கம். ஒரு பேட்ச்கூட இல்லாத அதே பழைய பக்கம், நல்லாத் தூங்கி எழுந்த மாதிரி ஓடிக்கிட்டு இருக்கு. திங்கட்கிழமை ஆடிட்டர் ஒரே ஒரு கமாண்ட் அடிச்சாப் போதும், கதை முடிஞ்சுது. அந்த நேரம் பாத்து ஷிர்க்கே சாஹேப் வடாபாவ் தட்டோட உள்ள வந்தார். அந்த மனுஷன் வாயில இருந்து நான் கேட்ட முதல் பாராட்டு அதுதான்.

"இதுக்குப் பேர்தான் வேலை, மேடம். ஒண்ணுமே மாறின மாதிரி தெரியலை."

காரிடார்

அண்ணாச்சியை வெளிய கூப்பிட்டேன். என்ன கமாண்ட் அடிச்சீங்கன்னு கேட்டேன். எப்பவும் அடிக்கிறதுதான், ரீபூட்டுன்னார். எனக்கு மண்டைக்குள்ள சுர்ருன்னு ஏறுச்சு. நம்ம ஆட்களுக்குத் தெரியும், மத்தவங்களுக்காகச் சொல்றேன். இனிட் ஆறுன்னு ஒரு கமாண்ட் இருக்கு. அது ஓடுற ஒவ்வொண்ணையும் வரிசையா மூடி, போற போக்குல இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கத்துக்கு மாத்திவிட்டுட்டுத்தான் படுக்கும். ரீபூட் அப்படி இல்லை. எதையும் கேக்காது, சட்டுன்னு அணைச்சு சட்டுன்னு எழுப்பிடும். பக்கம் மாறுற வேலை நடக்கவே நடக்காது.

நான் ஏசினது அந்தக் காரிடார் முழுக்கக் கேட்டிருக்கும், நல்லவேளை தமிழ்ல ஏசினேன். தொடாதீங்கன்னு சொன்னேனா இல்லையா, உங்களுக்கு ராகுகாலம்தான் முக்கியமா, இந்தப் பெட்டி போனா யார் வேலை போகும்னு தெரியுமா தெரியாதான்னு கேட்டேன். கடைசிக் கேள்வியைக் கேட்டிருக்கக் கூடாது. அவர் முகம் அப்படியே சுருங்கிப் போச்சு. தொடக்கூடாதுன்னு சொன்னதை மீறி இவர் தொட்டார்னு ஷிர்க்கே சாஹேபுக்குத் தெரிஞ்சா திங்கட்கிழமை வரைக்கும்கூடப் போகாது, இன்னைக்கே முடிஞ்சுடும். எனக்கும் அது தெரியும், அவருக்கும் தெரியும். மணி பதினொண்ணு. பன்னிரண்டுக்குக் கரண்ட் போயிடும். மறுபடியும் மூடணும்னா இப்பவே மூடணும், அண்ணாச்சின்னேன். அவர் கடிகாரத்தைப் பாத்தார்.

"அப்ப ராகுகாலத்துக்குப் பயந்து நான் ஓடுன ஓட்டமெல்லாம் என்னை ராகுகாலத்துக்குள்ளயேதான் கொண்டு வந்து விட்டிருக்கு."

பதினொண்ணுக்கு மேல

ஷிர்க்கே சாஹேப்கிட்ட போய், இன்னும் ஒரு தடவை மூடித் திறக்கணும் சார்னேன். நல்லா ஓடுறதை ஏன் தொடறீங்கன்னார். நியாயமான கேள்வி. இன்னும் ஒரு படி பாக்கி இருக்குன்னு மட்டும் சொன்னேன். அது பொய் இல்லை. அவர் கையைக் கட்டிக்கிட்டு அங்கயே நின்னுட்டார். நான் இனிட் ஆறு அடிச்சேன்.

பழைய பெட்டி எழுந்திருக்க எவ்வளவு நேரம் எடுக்கும்னு உங்களுக்குத் தெரியும். மெமரியைப் பாக்கும், டிஸ்க்கைப் பாக்கும், நடுநடுவுல ஒண்ணுமே சொல்லாம நம்ம மூஞ்சியைப் பாக்கும். என்னால உக்கார முடியலை. எழுந்து ஜன்னல் வரைக்கும் போனேன், திரும்பி வந்தேன், ஏசியைக் குறைச்சேன், கூட்டினேன். அண்ணாச்சி சுவத்தோரமா நின்னு முணுமுணுன்னு ஏதோ சொல்லிக்கிட்டே இருந்தார், சாமி பேரா, என்னைத் திட்டுறாரான்னு தெரியலை. எனக்கு அந்த நேரத்துல அவர் மேல இருந்த கோபம் எல்லாம் போயிடுச்சு. இது எழுந்திருக்கலைன்னா இந்த வயசுல இவர் எந்த ஃபேக்டரி கேட்ல போய் வேலை கேட்டு நிப்பார்ங்கிற நினைப்புதான் இருந்துச்சு. பதினொண்ணே முக்காலுக்கு ஸ்கிரீன்ல லாகின் வந்துச்சு. கமாண்ட் அடிச்சுப் பாத்தேன். புதுப் பக்கம். அத்தனை பேட்சும் இருக்கு. அண்ணாச்சியைப் பாத்துத் தலையை ஆட்டினேன், அவர் அப்படியே ஸ்டூல்ல உக்காந்துட்டார். ஷிர்க்கே சாஹேப் கலர் கணக்கை மறுபடியும் ஓட்டிப் பாத்தார், என் பக்கம் திரும்பினார்.

"இப்பவும் ஒண்ணும் மாறலையே, மேடம்?"

அவர் என்ன செஞ்சார்?

திங்கட்கிழமை ஆடிட்டர் வந்தார், பாத்தார், கையெழுத்துப் போட்டுட்டுப் போனார். பெட்டி பிழைச்சுது. செவ்வாய்க்கிழமை ஷிர்க்கே சாஹேப் போன் பண்ணி நன்றி சொன்னார். அதோட விட்டிருந்தா நல்லா இருந்திருக்கும். வேலை இவ்வளவு சுலபமா நடக்குதுன்னா, அடுத்த தடவை நீங்க செம்பூர்ல வீட்டுல இருந்தே பண்ணிடலாமே, இங்க ஒரு ஆள் எதுக்கு, மாரியப்பனை இந்த மாசத்தோட அனுப்பிடலாம்னு இருக்கேன்னார். எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. அந்த மனுஷனைக் காப்பாத்தணும்னுதானே வாயை மூடிக்கிட்டு ஒண்ணும் நடக்காத மாதிரி செஞ்சு முடிச்சேன். ஒண்ணும் நடக்காததால இப்ப அவர் வேண்டாமாம். அவர் இல்லாம இது நடந்திருக்காது சார்னேன். அப்படியா, அவர் என்ன செஞ்சார்னு கேட்டார்.

பாருங்க, அன்னைக்கு அண்ணாச்சி செஞ்ச ஒரே காரியம் நான் மறைச்சு வச்ச அந்தக் காரியம்தான். தேங்காய் வாங்கினார்னு சொல்ல முடியுமா? அப்புறம் என்னையறியாமலே வந்துச்சு: புதுப் பக்கத்துக்கு மாத்துறதுக்கு முன்னால பழைய பக்கம் இன்னும் நல்லா எழுந்திருக்குதான்னு ஒரு தடவை மூடித் திறந்து பாத்தது அவர்தான் சார். புதுசு படுத்துக்கிட்டா நாம திரும்பி வர வேண்டிய இடம் பழைய பக்கம்தானே, அது எழுந்திருக்குமான்னு யாருக்குத் தெரியும்? எழுந்திருக்கலைன்னா பெட்டி பக்கத்துல ஆள் நிக்கணும், நான் செம்பூர்ல உக்காந்துக்கிட்டு என்ன செய்ய முடியும்னேன். சொல்லி முடிச்சப்புறம்தான் எனக்கே உறைச்சுது, இதுல ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. வருஷக்கணக்கா நாங்க எங்கயும் அந்தச் சோதனையைச் செய்யாம, கடவுளேன்னு மாத்திக்கிட்டு இருந்திருக்கோம். ஷிர்க்கே சாஹேப் திருப்பிக் கேட்டார்.

"அப்ப அவரை அனுப்பிட்டா, பெட்டி பக்கத்துல யார் நிக்கிறது? நானா?"

முறைப்படி

அந்த வாரமே எங்க கம்பெனி வேலைமுறையில முதல் படியா அது ஏறிடுச்சு: மாத்துறதுக்கு முன்னால, அந்த இடத்து ஆபரேட்டர் பழைய பக்கத்தை ஒரு தடவை ரீபூட் செஞ்சு பாக்கணும். பத்மநாபன் அதைப் படிச்சுட்டு, ரொம்ப நன்னாயிருக்கு, யாருக்குத் தோணித்துன்னு கேட்டார். நான் பேச்சை மாத்திட்டேன்.

சாயங்காலம் குர்லா பாலத்துல ஏறும்போது அண்ணாச்சி போன். இந்தத் தடவை என்ன எலுமிச்சம்பழமோன்னு நினைச்சுக்கிட்டே எடுத்தேன். குரல்ல ஒரு மிடுக்கு. ஷிர்க்கே சாஹேப் அவரைக் கூப்பிட்டு எல்லார் முன்னாலயும் கை கொடுத்தாராம், நீங்க இங்கதான் இருக்கணும்னு சொன்னாராம். வீட்டுல பாயசம் வச்சிருக்காங்களாம். எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு, நானும் சந்தோஷம் அண்ணாச்சின்னேன். அப்புறம் அவர் ஒண்ணு கேட்டார்.

"நான் செஞ்சது முறைப்படி சரின்னு மேனேஜரே சொல்லுதாரு. பொறவு எதுக்கு அன்னைக்கு என்னைய அந்த ஏச்சு ஏசுனீய, தங்கச்சி?"

ஆக சகபாவிகளே, நம்ம தொழில்ல தப்புக்கும் வேலைமுறைக்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான், அதை மேனேஜர் காதுல யார் முதல்ல போடுறாங்கங்கிறது.